நாள் தவறாமல் ஊற்றிய தண்ணீர்

அத்தியாயம் 14

நாகலெட்சுமி சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். எதற்கு அழுகை என்று மருமகள் ஷாமிலா கேட்டாள். "ஒண்ணுமில்ல புள்ள, கண்ணுல பொக பட்டுருச்சு" என்று பதில் வந்தது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்வது நாகலெட்சுமிக்குப் புதிதா? ஷாமிலாவும் அதோடு விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

இன்று சனிக்கிழமை. கொழும்பில் ஹோட்டல் வேலை பார்க்கும் தர்ஷன் மத்தியானம் வந்து இறங்குகிறான். திங்கட்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கண்டிக்கு, கிளினிக்குக்குப் போக வேண்டும்.

கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. ஷாமிலா தனியாகவே மூன்று தடவை போய்ப் பரிசோதித்துவிட்டு வந்தாள். "உங்களிடம் ஒரு குறையும் தெரியவில்லை, அடுத்த தடவை கணவரைக் கூட்டி வாருங்கள்" என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு வருஷமாக அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தீபாவளிக்குக் கிடைத்தது, கூட்டாளி கல்யாணத்துக்குக் கிடைத்தது, கிளினிக்குக்கு மட்டும் கிடைக்கவில்லை. போன மாதம்தான் போனில், "சரி, வர்றேன்" என்று முனகினான். அந்த முனகலைப் பிடித்துக்கொண்டுதான் ஷாமிலா நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். மாமியாருக்கு இது எதுவும் தெரியாது. மகனுக்குப் பரிசோதனை என்று காதில் விழுந்தால் வீடு ரெண்டுபட்டுவிடும்.

சரி, வெயிலுக்கு வருவோம்.

மலையில் என்ன வெயில் என்று கீழே இருப்பவர்கள் சிரிப்பார்கள். இந்த வருஷம் மஸ்கெலியாவுக்கு வந்து பார்க்கட்டும். மூன்று மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. நீர்த்தேக்கம் வற்றி, தண்ணீருக்குள் கிடந்த பழைய கோயில் வெளியே வந்துவிட்டது. பஸ் பிடித்துப் போய்க் கற்பூரம் கொளுத்துகிறார்கள். மேற்கணக்கு லயத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் இருபது வீட்டுக்கும் ஒரே பீலிக் குழாய். அதில் தண்ணீர் ஒரு விரல் தடிமனுக்கு வருகிறது. ஒரு கேன் நிறைய இருபது நிமிஷம் நிற்க வேண்டும். லயத்தைச் சுற்றி இருந்த கீரை, பீன்ஸ் கொடி, ரோஜாச் செடி எல்லாம் காய்ந்து சருகாகிவிட்டன.

ஷாமிலாவின் பச்சிலைப் பாத்தி மட்டும் காயவில்லை.

லயத்துக்குப் பின்னால் மூன்று பாயை வரிசையாக விரித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் இடம். அதற்குள் தூதுவளை, ஆடாதோடை, கற்பூரவள்ளி, துளசி, வல்லாரை, ஓரத்தில் கொஞ்சம் புதினா. காலையில் வெயில் ஏறுமுன் ஒரு தடவை, நாலு மணிக்குப் பிறகு ஒரு தடவை தண்ணீர். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சி, பொறுக்கி வந்து நட்டு, மேலே பழைய கொழுந்துச் சாக்கைக் கட்டிப் பந்தல் போட்டிருந்தாள். மானாப்புல்லை வெட்டி வேரில் கனமாகப் போர்த்தியிருந்தாள். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், தேத்தண்ணிச் சக்கை, எதையும் வீணாக்கவில்லை. தண்ணீர் குடித்தே பழகிய வல்லாரைக்கு மட்டும் போத்தலில் ஓட்டை போட்டுத் தலைகீழாய்ப் புதைத்து, சொட்டுச் சொட்டாக விட்டாள்.

இவ்வளவு பாடும் மாமனார் வீரய்யாவுக்காக. தேயிலைத் தொழிற்சாலைத் தூசியில் முப்பது வருஷம் நின்றவர். வறண்ட காற்று அடித்தால் இழுப்பு வந்துவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த, வாயில் அடிக்கிற பம்பு ஒரு பக்கம் இருக்க, காலையில் ஆடாதோடையும் தூதுவளையும் போட்ட கசாயம் குடித்தால்தான் அவருக்கு மூச்சு படியும். மற்ற வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. பிள்ளைக்குச் சளி என்று கற்பூரவள்ளி, சம்பலுக்கு வல்லாரை என்று தினமும் யாராவது வந்து ஒரு பிடி கிள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்தப் பாத்தி விஷயத்தில் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குத் தூரமான பெண் ஐந்து நாளைக்குப் பச்சிலைப் பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது. இலை கிள்ளக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. நிழல் பட்டாலே கருகிவிடுமாம். அதே பெண் அதே நாளில் மலைக்குப் போய் இருபது கிலோ கொழுந்து பறிக்கலாம். தேயிலை கருகாது. ஏன் கருகாது என்று தோட்டத்தில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆக, எந்தப் பாத்திக்கு யார் தண்ணீர் ஊற்றவில்லை என்று பார்த்தாலே எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று லயம் முழுக்கத் தெரிந்துவிடும்.

தை மாதம் ஷாமிலாவுக்கு அந்த நாள் வந்தபோது நாகலெட்சுமி வீட்டில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று வட்டவளைக்குப் போயிருந்தாள். பாத்தியைப் பார்க்க வேறு ஆள் இல்லை. வீரய்யா மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தார். ஷாமிலா யோசித்துப் பார்த்தாள், கேனைத் தூக்கிக்கொண்டு போனாள், ஊற்றினாள். ஒரு இலையும் கருகவில்லை.

மாசியில் நாகலெட்சுமி திரும்பி வந்துவிட்டாள். ஆனால் முட்டி வீங்கி, பீலிப் படி இறங்க முடியாமல் கிடந்தாள். சொன்னால் அவள் தடுப்பாள், தடுத்தால் ஐந்து நாள் வெயிலில் பாத்தி போய்ச் சேர்ந்துவிடும். ஷாமிலா வாயை மூடிக்கொண்டு ஊற்றினாள். போன வாரமும் அப்படித்தான்.

தான் ஊற்றியதை மாமியார் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போனது.

இன்று காலை இரண்டாவது கேனோடு அவள் படியேறி வந்தாள். நாகலெட்சுமி முட்டி வலியையும் பாராமல் எதிரே இறங்கி வந்தாள்.

"கீழ வையி. மொதல்ல அந்தக் கேனைக் கீழ வையி."

"ஏன் அத்தை?"

"இனிமே நீ ஒண்ணும் தூக்கக் கூடாது. பூரணத்துக்கிட்ட சொல்லிருக்கேன். அவ ஊத்துவா."

பூரணம் பக்கத்துக் காம்பராக்காரி, சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. "அவங்க எதுக்கு ஊத்தணும்? எனக்கு என்னா?" என்றாள் ஷாமிலா.

நாகலெட்சுமி சிரித்தாள். ஆறு வருஷத்தில் மருமகளைப் பார்த்து அவள் முகம் மலர்ந்து சிரித்ததே இல்லை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு தட்டை எடுத்தாள். உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்த் துண்டு.

"இந்தா, தின்னு. அத்தைகிட்டயே மறைப்பியா? நான் என்ன குருடியா? தையில நான் இல்ல. வந்து பூரணத்துக்கிட்ட விசாரிச்சேன். ஒரு நாள் விடாம ஊத்துனான்னு சொன்னா. மாசியில நானே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் நிக்கல நீ. இப்ப பங்குனி பொறந்திருச்சு. ரெண்டு மாசமா முழுகாம இருக்க, என்னா?"

ஷாமிலா கேனை இறக்கிவைத்தாள்.

"அத்தை, இத யார்கிட்டயும் சொல்லலையே?"

"நல்லா கேட்ட போ! யார்கிட்ட சொல்லல? வியாழக்கிழமை தர்ஷனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். புள்ள போன்லயே அழுதுட்டான். இந்த முட்டிய இழுத்துக்கிட்டுப் பழைய கோயிலுக்குப் போயி நேர்ந்துக்கிட்டு வந்துட்டேன். லயத்துலயும் எல்லாருக்கும் தெரியும். எத்தனை பேர் என்னைக் கேட்டிருப்பாங்க, மருமகளுக்கு விசேஷம் இல்லையான்னு? ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு சொன்னேன். நல்லாச் சத்தமாவே சொன்னேன். நீயா வாயத் தொறக்குறவரைக்கும் உங்கிட்ட மட்டும் கேக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. பாவம், அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. ஷாமிலா மாங்காய்த் தட்டை வாங்கிப் பக்கத்துக் கல்லில் வைத்தாள்.

"அத்தை, அப்படி ஒண்ணும் இல்ல."

"வெக்கப்படாத புள்ள."

"வெக்கம் இல்ல. எனக்குப் போன கிழமைதான் வந்துச்சு. மாசியிலயும் வந்துச்சு. தையிலயும் வந்துச்சு."

நாகலெட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. மருமகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாத்தியைப் பார்த்தாள்.

"அப்ப தண்ணி ஊத்துனது யாரு?"

"நான்தான்."

"அந்த நாள்லயா?"

"அந்த நாள்லயும்தான். நீங்க முட்டியைப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தீங்க. மாமா மூச்சு விட முடியாமக் கெடந்தாரு. வேற யாரு ஊத்துறது?"

"அடிப்பாவி!" என்றாள் நாகலெட்சுமி. அவ்வளவுதான், திரும்பி வீட்டை நோக்கி ஓடினாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், அந்த முட்டியோடு. ஸ்தோப்புத் திண்ணையில் வீரய்யா கசாயக் கிளாஸை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸை அவர் கையிலிருந்து தட்டிவிட்டாள். கசாயம் அவர் இடுப்புச் சாரத்தில் கொட்டியது.

"துப்புங்க! தீட்டுக் கையால பறிச்சதைக் குடிச்சிருக்கீங்க. மூணு மாசமாக் குடிச்சிருக்கீங்க!"

வீரய்யா சாரத்தை உதறினார். பின்னால் வந்து நின்ற மருமகளைப் பார்த்தார். நடந்தது என்னவென்று அவருக்கு ஓரளவு புரிந்திருக்க வேண்டும்.

"குடிச்சதுனாலதான் இன்னும் ஒக்காந்திருக்கேன்" என்றார்.

"வாயை மூடுங்க நீங்க!"

அவரும் மூடிக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷமாக மூடிக்கொண்டிருக்கிற வாய்தானே.

லயத்துப் பெண்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், பார்க்க ஆள் இல்லை. நாகலெட்சுமி பாத்திக்குப் போனாள். சாக்குப் பந்தலை இழுத்து எறிந்தாள். மிலாற்றைப் பிடுங்கினாள். துளசியை விட்டுவிட்டு, ஆடாதோடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இத்தனை நாள் தண்ணீர் குடித்து வேர்விட்ட செடி, லேசில் வருமா? வரவில்லை. தூதுவளை முள் கையைக் கிழித்தது. வல்லாரையை அள்ளி அள்ளி வீசினாள்.

ஷாமிலா தடுக்கவில்லை. "பாருங்க அத்தை, எப்படிப் பச்சையா இருக்குன்னு பாத்துட்டுப் புடுங்குங்க" என்றாள். "ஒவ்வொரு மாசமும் அஞ்சு நாளும் தொட்டேன். எங்க கருகிச்சு? ஒரு எல காட்டுங்க."

நாகலெட்சுமி முட்டி மடங்கி, பாத்தி நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தீட்டுக்காக அழுதாளா, பேரப்பிள்ளைக்காக அழுதாளா? இரண்டுக்கும்தான். ஷாமிலாவுக்கே ஒரு நிமிஷம் மனது இளகி, கையைப் பிடித்துத் தூக்கிவிடப் போனாள்.

நாகலெட்சுமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"கலஞ்சிருச்சுன்னு சொல்லிருவோம்."

"என்னா?"

"தண்ணி தூக்குனா, வெயில்ல மயங்கி விழுந்தா, கலஞ்சிருச்சு. அவ்வளவுதான். யாரு வந்து பாக்கப் போறா? நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன் புள்ள. இப்ப இல்லன்னு எப்படிப் போய்ச் சொல்லுவேன்? காறித் துப்புவாங்க."

"இல்லாத பிள்ளையைச் சாகடிக்கச் சொல்றீங்களா?"

"மெதுவாப் பேசு!"

"நான் சொல்லமாட்டேன். திங்கக்கிழமை நாங்க கண்டிக்குப் போகணும். அங்க போயி என்னா சொல்றது? கலஞ்சிருச்சுன்னா அந்த டாக்டர் என்னைத்தான் மறுபடி படுக்க வச்சுப் பாப்பாரு. உங்க மகனைப் பாக்கணும்னுதானே கூப்பிட்டிருக்காங்க!"

சொல்லிய பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

நாகலெட்சுமி அவள் கையை விட்டாள்.

"எம்மகனுக்கு என்னா கொறைச்சல்? அவனை எதுக்குப் பாக்கணும்?" என்றாள். "ஓ, அப்படிப் போகுதா கத!"

எழுந்து வீட்டுக்குள் போனவள் மத்தியானம்வரை வெளியே வரவில்லை. ஷாமிலா பிடுங்கிப் போட்டதில் வேர் அறாததை எடுத்து மறுபடி ஊன்றினாள். மீதியிருந்த அரைக் கேன் தண்ணீரை ஊற்றினாள். உச்சி வெயிலில் ஊற்றினால் வேர் வெந்துபோகும் என்று தெரியும். தெரிந்தும் ஊற்றினாள், கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அவன் வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றரை மணிக்கெல்லாம் வாசலில் வந்து நின்றாள்.

அவளுக்கு முன்னால் நாகலெட்சுமி நின்றுகொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வந்து டவுனில் இறங்குகிறவன் குறுக்குப் பாதையில் நடந்துதான் ஏறி வருவான். இன்று திரீவீலர் பிடித்து லயத்து வாசல்வரை வந்தான். கையில் பேரீச்சம்பழப் பெட்டி, ஆப்பிள், பால்மா. முகமெல்லாம் பல். "எங்க அவ?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினான்.

"போச்சுடா தம்பி!" என்று நாகலெட்சுமி கத்தினாள். லயத்தின் கடைசிக் காம்பராவரை கேட்டிருக்கும். "எல்லாம் போச்சு! தண்ணி தூக்காத, தூக்காதன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். கேட்டாளா? வெடியக்காலம் கலஞ்சிருச்சுடா!"

ஷாமிலா வாயைத் திறப்பதற்குள் பூரணம் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி தலையைத் தடவினாள், ஒருத்தி உட்காரு உட்காரு என்று தோளை அழுத்தினாள். "பச்ச ஒடம்பு, வெயில்ல நிக்காத ஷாமி" என்றாள் பூரணம். எல்லாரும் நல்லவர்கள், நிஜமாகவே அழுதார்கள். திரீவீலர்காரர்கூட எஞ்சினை நிறுத்திவிட்டு, போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்ஷன் பெட்டிகளைத் தரையில் வைத்தான். ஷாமிலா முன்னால் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

"என்னங்க, உள்ள வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். உன் மேல கோவம் இல்ல." முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தில் ஏதோ ஒரு தெளிவு வந்திருந்தது. சுற்றி நின்றவர்களையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "போனா போவுது. நம்மளுக்குப் பிள்ள தங்கும்னு தெரிஞ்சிருச்சுல்ல? எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சுல்ல? அதுபோதும். இனி கண்டிக்குப் போயி எதுக்கு? திங்கக்கிழமை நீ படுத்து ரெஸ்ட் எடு."

நாகலெட்சுமி மருமகளை நேராகப் பார்த்தாள். பார்த்தாயா என்கிற பார்வை.

ஒரு வருஷம் காத்திருந்த திங்கட்கிழமை. மகனும் அம்மாவுமாகச் சேர்ந்து கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். இப்போது வாயை மூடினால் அடுத்த ஆறு வருஷமும் இதே கதைதான், கலைத்தவள் என்ற பேரும் சேர்ந்து. ஷாமிலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூரணத்தின் கையை விலக்கிவிட்டு எழுந்தாள்.

"கலையல" என்றாள். "கலையிறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு மூணு மாசமும் ஒழுங்கா வந்துச்சு. வந்த நாள்லயும் நான்தான் பாத்திக்குத் தண்ணி ஊத்துனேன். நிக்காம ஊத்துனதைப் பாத்துட்டு அத்தையாவே நெனச்சுக்கிட்டாங்க. காலையிலயே இல்லன்னு சொல்லிட்டேன். இல்லன்னு தெரிஞ்சும்தான் இப்ப அழுதாங்க."

முதலில் நகர்ந்தது பூரணம்தான். நேற்றுக்கூடப் பேத்திக்கு என்று கற்பூரவள்ளி கிள்ளிக்கொண்டு போனவள். தொட்டுக்கொண்டிருந்த கையைச் சேலையில் துடைத்தாள். "இதத் தின்னவா எங்களுக்குக் குடுத்த?" என்று கேட்டாள். மற்றவர்களும் ஒவ்வொரு எட்டாகப் பின்னால் போனார்கள். இந்த மூன்று மாதத்தில் அந்தப் பாத்தியில் கை வைக்காதவள் அவர்களில் ஒருத்தியும் இல்லை.

ஷாமிலா அவர்களைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்க. திங்கக்கிழமை போறோமா, இல்லையா?"

தர்ஷன் எழுந்து நின்றான். அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்டாட்டி பக்கம் திரும்பினான். அழுத கண் இன்னும் சிவந்திருந்தது.

"இத்தனை பேருக்கு முன்னாலயா சொல்லுவ?" என்றான். "இவங்க போனப்புறம் சொல்லியிருந்தா என்னா கொறஞ்சு போயிருக்கும் உனக்கு?"

தோளில் மாட்டியிருந்த பையை அவன் இன்னும் இறக்கவே இல்லை. திரீவீலர்காரர் அப்போதுதான் வண்டியைக் கிளப்பித் திருப்பிக்கொண்டிருந்தார். தர்ஷன் அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

"அண்ணே, நில்லுங்க. நானும் டவுனுக்கு வர்றேன்."